எவர் தெரு பழந்தெரு?

நெடுஞ்சாலை வேண்டுமா, பழந்தெரு வேண்டுமா என்னும் வழக்கு உலகப் பெருநகர்கள் பலவற்றிலும் எழுந்துளது. அவ்வழக்கினுள் வேறொரு வினா ஒளிந்து கிடக்கின்றது. எவர் வாழும் தெரு பழந்தெருவெனப் போற்றப்படும் என்பதே அது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகர் அதற்கு அளித்த விடை கொடியது.

1946-இல் இராபர்ட்டு மோசசு என்பார் அந்நகருக்கு ஒரு சாலைத் திட்டம் வரைந்தளித்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில், பழைய பிரெஞ்சுக் குடியிருப்பின் முகப்பை மறைத்துக்கொண்டு, தூண்களின்மேல் ஒரு விரைவுச்சாலை ஓட வேண்டும் என்பது அத்திட்டம். மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் செலவில் 100-க்கு 90 பங்கை நடுவணரசே ஏற்கும் என 1956-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி கூறவே, ஏட்டில் உறங்கிய திட்டங்கள் விழித்தெழுந்தன. பிறர் பணத்தில் சாலை கிடைக்குமெனின் எந்நகர்தான் மறுக்கும்?

ஆயினும் ஆற்றங்கரைச் சாலை எழவில்லை. அக்குடியிருப்பின் கட்டடங்களைக் காக்க 1936-இலேயே மாநில அரசமைப்பில் இடஞ்செய்யப்பட்டிருந்தது. சட்டம் அறிந்தாரும் செல்வாக்குடையாரும் ஆண்டுக்கணக்கில் போராடினர். 1969-இல் நடுவணரசின் போக்குவரத்து அமைச்சர் சான் வோல்ப்பி அத்திட்டத்தைக் கைவிடச் செய்தார்.

அதே காலத்தில், அங்கிருந்து நடந்தே செல்லும் தொலைவில் இருந்த திரெமேயின் கதை வேறு. அடிமை முறை ஒழியாத காலத்திலேயே, தளை நீங்கிய கறுப்பினத்தார் மனை வாங்கி வீடெழுப்பி வாழ்ந்த ஊர்ப்பகுதி அது. அதன் கிளைபோர்ன் பெருந்தெருவின் நடுவே ஓக் மரங்கள் நிரல்நிரலாய் நின்றன. அந்நிழலில் குழந்தைகள் ஆடினர். மார்டி கிரா விழாவுக்கு மக்கள் கூடினர். இருமருங்கும் அம்மக்களின் கடைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தழைத்தன. 1966-இல் மரங்கள் வெட்டுண்டன. அவ்விடத்தே கற்காரைத் தூண்கள் எழுந்தன. தூண்களின்மேல் ஊர்திகள் விரைந்தன. கீழே வணிகம் தேய்ந்தது. அம்மக்களின் வாக்குரிமையை உறுதி செய்த 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து ஓராண்டும் நிறையவில்லை. வாக்கு வலிமையாக மாறுமுன் மரம் வீழ்ந்தது!

சாலையே வேண்டா என்பார் எவருமிலர். ஒரு தெருவுக்கு இரங்கிய அளவுகோல் மறு தெருவுக்கு ஏன் இரங்கவில்லை என்பதே நம் வினா. மாடங்களும் இரும்புக் கம்பி வேலைப்பாடுகளும் வரலாறு எனின், தலைமுறை தலைமுறையாய் ஒருங்கு கூடி வாழ்ந்த வாழ்க்கை வரலாறு அன்றோ?

சாலைகளால் பிளவுண்ட குடியிருப்புகளை மீண்டும் இணைக்க 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 100 கோடி தாலர் ஒதுக்கியது. கிளைபோர்ன் மேம்பாலத்தை இடிப்பதா, செப்பனிட்டு வைத்துக்கொள்வதா என்ற வழக்கும் எழுந்தது. இடித்தால் நிலவிலை உயரும். உயர்ந்தால், பாலத்தின் புகையைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே வாழ்ந்த எளியோர் வாடகை தர இயலாது வெளியேற நேரும் என்னும் அச்சமும் உண்டு. மரத்தை இழந்தவர் நிழல் திரும்புங்கால் அங்கிருக்க வேண்டாவா?

எனவே, எந்நகரிலும் சாலை வகுப்போர் முதலில் கேட்க வேண்டுவது நிலத்தின் விலையன்று. அங்கு வாழ்வோரின் சொல். அச்சொல்லைக் கேளாது போடும் சாலை எத்துணை நேராயினும் கோணலே.