கணிதத்தைக் கைவிடும் முன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த ஓரிரு வாரங்களுக்குள் நம் வீடுகளில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதே அது. மாப்பிள்ளை பார்ப்பதென்றால் மாதக்கணக்கில் விசாரிக்கும் நாம், இதைப் பள்ளியின் படிவத்தை நிரப்பும் நேரத்தில் முடித்துவிடுகிறோம். "கணக்கு வராது" என்று பிள்ளை சொல்கிறது. "சரி, வேண்டாம்" என்று வீடும் சொல்லிவிடுகிறது. கணிதப் பிரிவில் சேர்ந்தவர்களிலும் சிலர், காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்ததும் பிரிவை மாற்றிக்கொள்கிறார்கள். தேர்ச்சி விழுக்காட்டில் கண்ணாயிருக்கும் பள்ளிகள் இதைத் தடுப்பதுமில்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதத்திற்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. தொழிற்கல்விப் பிரிவினர் நீங்கலாக, கணிதம் படிக்காதவர் அந்தப் பட்டியலுக்குள் வரவே இயலாது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. சமுதாயம் நெடுங்காலம் குரல் கொடுத்துப் பெற்ற உரிமை அது. பொறியியலில் அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கும் தகுதியையே நம் பிள்ளைகள் பதினைந்து வயதில் ஒரு கையெழுத்தில் இழந்துவிடுகிறார்கள். கணிதம், இயற்பியல் பட்டப்படிப்புகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

மருத்துவக் கனவுக்காகவே கணிதத்தை விடுகிறோம் என்பாருண்டு. நீட் தேர்வில் கணிதத் தாள் இல்லைதான். ஆயினும் அதன் இயற்பியல் வினாக்களுக்கே கணிதப் பயிற்சி வேண்டும். மேலும், நீட் எழுதுவோரில் பெரும்பாலோருக்கு மருத்துவ இடம் கிடைப்பதில்லை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்த பிள்ளைக்கு மறுநாள் வேறொரு வாசல் திறந்திருக்கும். சுமை கூடுதல்தான், இரண்டாண்டுச் சுமை.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. பக்கத்துப் பெண்கள் பள்ளியில் கணிதப் பிரிவு இராது. இருக்கும் பள்ளிக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். பெற்றோரின் அந்தத் தயக்கத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆனால் அதே தெருவிலிருந்து செல்லும் நான்கு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வேன் அமர்த்த இயலுமா என்று ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்தோமா?

கணிதம் நமக்கு அந்நியமானதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல் குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ரா நூலின் கணிசமான பகுதி, வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டது. ஃபராயிழ் சட்டம் ஓதும் மாணவர் இன்றும் பின்னங்களோடுதான் போராடுகிறார்.

வணிகவியலையோ வரலாற்றையோ விரும்பித் தேர்ந்தெடுக்கும் பிள்ளையைப் பற்றி நமக்கு ஒரு குறையுமில்லை. அதனைத் தாராளமாகப் படிக்கட்டும். அச்சத்தாலும் அறியாமையாலும் கைவிடுவதே நம் கவலை. இஸ்திகாராவும் மஷூராவும் திருமணத்திற்கும் வணிகத்திற்கும் மட்டும் உரியவை அல்லவே! தேர்வு முடிவு வரும் வாரத்தில் மஹல்லாவின் பட்டதாரிகள் சிலர் பெற்றோருடன் அமர்ந்து பேசலாம். கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியையை நியமிக்கும் செலவு, நம் ஜமாஅத்துகள் பலவற்றுக்குப் பெரிதன்று. மஃரிபுக்குப் பின் மதரஸாவின் அறைகள் பல ஊர்களில் பூட்டியேதான் கிடக்கின்றன.