அளந்தறிவோம்!



அளவு இல்லையேல் விஞ்ஞானம் இல்லை என்று வகுப்பறையில் கேட்கிறோம், தேர்விலும் எழுதுகிறோம். ஆனால் வகுப்பறையை விட்டு வெளியே வந்ததும், கடைக்காரர் சொன்ன எண்ணையும் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணையும் வேதவாக்காக ஏற்றுக்கொள்கிறோம். யார் சொன்னாலும் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்று சொன்ன வள்ளுவரைப் போற்றும் நாம், அவர் சொன்னபடி நடக்கிறோமா? நான் நடக்கவில்லை. நான் தவறாக அளந்தேன். அந்தத் தவற்றை நம் மன்றத்திலும் உரக்கச் சொன்னேன். அதைத் திருத்துவதும், மன்றத்தின் முன் உள்ள ஒரு செலவைப் பற்றி என் கருத்தைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

மான்குர்த்தில் நம் மன்றத்தார் நடத்தும் மாலை வகுப்பை நீங்கள் அறிவீர்கள். திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். 225 சதுர அடி அறை. அதற்குள் நன்கொடையாக வந்த ஆறு பழைய கணிப்பொறிகள். எதிர்க் கட்டடம் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்பதால் சன்னல் இருந்தும் காற்று இல்லை. சென்ற மே மாதம் அந்த ஆறில் மூன்று, பிற்பகல்தோறும் தாமே அணைந்து போயின. 'செயலி சூடாகிறது; நல்ல கூலர் வாங்கிப் பூட்டினால் தீரும்' என்று பேச்சு எழுந்தது. ஒன்றுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய். ஆறுக்கு 12,000 ரூபாய். 'நான் என் வீட்டுக் கணிப்பொறியில் பூட்டிப் பார்த்தேன். 24 டிகிரி குறைந்தது' என்று கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னவன் நானே. என் சொல்லை நம்பித்தான் பணம் திரட்டத் தொடங்கினார்கள்.

கூலர் என்ற பெயரே முதல் மயக்கம். அது குளிரை உண்டாக்கும் கருவி அன்று. சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் விடும் கருவி. செயலியின்மேல் ஒரு செப்புப் பரப்பு அழுந்தி நிற்கும். அதிலிருந்து கிளம்பும் செப்புக் குழாய்களுக்குள், காற்றை நீக்கி அடைத்த சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் அந்நீர் ஆவியாகி மேலே செல்லும். அலுமினியத் தகடுகளின் அருகே குளிர்ந்து மீண்டும் நீராகித் திரும்பும். இட்லிச் சட்டியின் மூடியில் ஆவி பட்டு நீராக வழிவதை நம் வீட்டில் அன்றாடம் காண்கிறோம் அல்லவா? அதே செயல்தான். தகடுகளின் சூட்டை விசிறி ஊதிக் காற்றில் கலந்துவிடும்.

மண்பானை நீர் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். ஏனெனில் அங்கே நீர் வெளியே ஆவியாகிச் சூட்டை எடுத்துச் சென்றுவிடுகிறது. செப்புக் குழாயின் நீரோ உள்ளேயே சுழல்கிறது. ஆகவே எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும், காற்றால் இயங்கும் கூலர் எதுவும் அறையின் காற்றைவிடக் கீழே செயலியைக் குளிர்விக்க இயலாது. செயலியின் வெப்பத்தில் ஒரு பங்கு கூலரைப் பொறுத்தது. மற்றொரு பங்கு அறையைப் பொறுத்தது. இந்த இரண்டாம் பங்கைத்தான் நான் மறந்தேன்.

நான் செய்த முதற் சோதனையைக் கேளுங்கள். என்னிடம் இருப்பது 2019-ஆம் ஆண்டு வெளிவந்த ரைசன் 5 3600 என்னும் செயலி. 95 டிகிரியை எட்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பழைய கூலருடன் முழு வேலை கொடுத்தேன். 95 என்று காட்டியது. மறுநாள் லாமிங்டன் சாலைக்குச் சென்று கோபுரம் போன்ற பெரிய கூலர் ஒன்றை வாங்கி வந்து, இரவெல்லாம் உட்கார்ந்து பூட்டி, விடியற்காலை மூன்று மணிக்குக் கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்தபடியே அளந்தேன். 71 என்று காட்டியது. தொண்ணூற்றைந்தில் எழுபத்தொன்று போக இருபத்துநான்கு! வெற்றி, வெற்றி என்று துள்ளினேன்.

என் கணக்கை உடைத்தவர் பேராசிரியர் அல்லர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அம்மா. "மத்தியானம் நானே இந்த வீட்டுக்குள்ள வெந்துகிட்டுக் கெடந்தேன். ராத்திரிதாம்ல கொஞ்சம் காத்து வந்துச்சு. ரெண்டையும் ஒண்ணா வச்சா ஒன் கணக்கு சரியா வருமால?" என்று கேட்டார்கள். பௌதிகத்தில் முதுகலை படிக்கும் நான் வாயடைத்து நின்றேன். அறையின் வெப்பத்தை நான் குறித்து வைக்கவே இல்லை. கதவு மூடியிருந்ததையும் திறந்திருந்ததையும் வேறாகக் கருதவில்லை. பழைய கூலரில் மூன்றாண்டுத் தூசி படிந்திருந்தது. புதியதிலோ கைபடாத பளபளப்பு. ஒன்றை அளப்பதாக எண்ணிக்கொண்டு நான்கை ஒருசேர மாற்றியிருக்கிறேன்!

மீண்டும் அளந்தேன். இம்முறை கேபினெட்டுக்குள் காற்று நுழையும் வாயிலுக்கு ஒரு சாண் முன்னால் வெப்பமானியைத் தொங்கவிட்டேன். கதவு மூடியே இருந்தது. ஒரே வேலை, முப்பது நிமிடம், கடைசி ஐந்து நிமிடங்களின் சராசரி, ஒவ்வொன்றும் மும்முறை. செயலி 88 வாட் வரையே மின்சாரம் இழுக்கும் என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டேன். அணைந்துபோகும் அடுப்பின்மேல் வைத்த பாத்திரம் சூடாகவில்லை என்று பாத்திரத்தைப் புகழ்வதில் பொருள் இல்லையன்றோ?

முடிவுகள் இவை. தூசி படிந்த பழைய கூலர், காற்று 34 டிகிரியாக இருக்கையில், பத்து நிமிடத்திற்குள் 95-ஐ எட்டி வேகத்தைக் குறைத்தது. அதே பழைய கூலரைக் கழற்றித் தூசியைத் தூரிகையால் நீக்கி, சுண்ணாம்புபோல் காய்ந்துகிடந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியபின், காற்று 34, செயலி 87, வேறுபாடு 53. புதிய கோபுரக் கூலருடன், காற்று 35, செயலி 76, வேறுபாடு 41. ஆக, கூலர் ஒன்றால் மட்டும் கிடைத்த நன்மை 12 டிகிரி. நான் மன்றத்தில் முழங்கிய இருபத்துநான்கில் பாதியே அது. மற்ற பாதியை எனக்குத் தந்தவை விடியற்காலையும், திறந்த கதவும், தூசி இன்மையும் ஆகும்.

இன்னொன்றும் கண்டேன். கணிப்பொறியை வழக்கமாக வைக்கும் மர அலமாரிக்குள் தள்ளி அளந்தபோது, அது வெளியேற்றிய சூட்டையே திரும்பவும் உள்ளே இழுத்தது. அரை மணியில் வாயிற்காற்று ஐந்து டிகிரி ஏறியது. செயலியும் ஏறத்தாழ அவ்வளவே ஏறியது. அலமாரியை விட்டு வெளியே எடுத்து வைக்க ஒரு காசும் செலவில்லை.

வேறுபாட்டை ஏன் வற்புறுத்துகிறேன் என்று கேட்கலாம். வெளிநாட்டில் குளிரூட்டிய ஆய்வறையில், 21 டிகிரிக் காற்றில் இதே கூலரைச் சோதித்தால் 62 என்ற எண் அச்சாகும். மான்குர்த்தில் மே மாதப் பிற்பகலில், 40 டிகிரி அறையில், இதே கூலர் 81 காட்டும். இரண்டும் பொய்யல்ல, ஆனால் 41 என்ற வேறுபாட்டைச் சொல்லாமல் 62-ஐ மட்டும் சொன்னால், நம்மூரில் அது பொய்யாகிவிடும். பெட்டியின்மேல் அச்சிடும் வாட் கணக்கும் அத்தகையதே. எந்த வெப்பக் காற்றில், எந்தச் செயலியில், விசிறி எவ்வளவு இரைச்சலோடு சுழல்கையில் என்று சொல்லாத வாட் எண்ணால் பயன் என்ன? ஆஸ்திரியாவின் நாக்டுவா என்னும் கூலர் நிறுவனம், வாட் எண் மயக்கம் தருவது என்று கருதி, தன் கருவிகளுக்கு வேறொரு தரவரிசையையே வெளியிடுகிறது. செய்பவர்களே நம்பாத எண்ணை வாங்குபவர் நம்பலாமா?

எங்கே அளந்தோம் என்பதை மறவாதிருக்க நமக்கு நல்ல முன்னோடி உண்டு. 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய கம்பி ஒன்றின் நீளம் நெடுக வெப்பம் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை 1950-களில் ஆராய்ந்தார். ஒரே கம்பிதான், ஆயினும் நடுவில் ஒரு வெப்பம், பிடித்திருக்கும் முனையில் வேறொரு வெப்பம். 'கம்பியின் வெப்பம் என்ன' என்று கேட்டால் 'எந்த இடத்தில்' என்று திருப்பிக் கேட்பவனே பௌதிக மாணவன். அறிவியலைத் தமிழிலும் எழுதிய அப்பெரியாரின் வழிவந்தவர்கள் நாம்.

சூடு கணிப்பொறிக்குப் புதிய பகையும் அன்று. 1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக், சுமார் 18,000 வால்வுகளும் 150 கிலோவாட் பசியும் கொண்டது. அதன் சூட்டை ஓட்டவே பெரிய ஊதிகள் வேண்டியிருந்தன. நம் மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் பொறியும் வால்வுகளால் ஆனதே. அன்று ஓர் அறையை நிறைத்த சூடு, இன்று தபால் தலை அளவுள்ள சில்லில் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அறையின் சூட்டைப் பற்றி அன்று கவலைப்பட்டவர்கள் மதியீனர் அல்லர். அதை மறந்த நாம்தான் மதியிழந்தோம்.

இனி நம் ஆறு கணிப்பொறிகளுக்கு வருவோம். என் பிழையை உணர்ந்தபின் சென்ற மாதம் அவற்றைத் திறந்து பார்த்தேன். தேவனார்ப் பக்கத்திலிருந்து வரும் புழுதியும், சாலைப் புழுதியும் சேர்ந்து தகடுகளின் இடைவெளியைக் கம்பளிபோல் மூடியிருந்தன. அடிக்கடி அணையும் மூன்றில் ஒன்றை மட்டும் துப்புரவாக்கிப் புதுப் பேஸ்ட் தடவி வைத்தேன். அன்று முதல் அது ஒருமுறையும் அணையவில்லை. பிள்ளைகள் அவற்றில் தட்டச்சுப் பழகுகிறார்கள். பாடப் படங்கள் பார்க்கிறார்கள். முழு வலிமையோடு ஓடும் வேலையே அவற்றுக்கு இல்லை. அவற்றுக்குக் கோபுரக் கூலர் எதற்கு?

'அப்படியானால் கூலர் வீண் செலவா?' என்று நண்பர்கள் சினந்து கேட்கிறார்கள். அன்று. என் ஆராய்ச்சிக் கணக்கு இரவு பகலாக ஓடுகிறது. நாற்பது டிகிரி அறையில் பழைய கூலர், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், 93-இல் வந்து நிற்கும். புதியது 81-இல் நிறுத்தும். விசிறியின் இரைச்சலும் குறைவு. ஒற்றை அறை வீட்டில் அப்பா இரவு உழைப்பு முடிந்து உறங்கும்போது அந்த அமைதிக்கும் விலை உண்டு. ஆகவே என் 2,000 ரூபாய் வீண்போகவில்லை. ஆனால் எனக்குத் தகுந்தது ஆறுக்கும் தகும் என்று அளக்காமல் சொன்னதுதான் குற்றம்.

ஆதலால் வரும் கூட்டத்தில் நான் முன்மொழியப் போவது இதுவே. ஆறு கூலர்கள் வேண்டாம். சில நூறு ரூபாய்க்குப் பேஸ்ட்டும் தூரிகையும் வாங்குவோம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை தூசி நீக்குவதை விஞ்ஞான மாணவர்கள் முறைவைத்து ஏற்போம். மிஞ்சும் பணத்தில், அந்த அறையின் உயர்ந்த சன்னலில் சூட்டை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றைப் பொருத்துவோம். எஞ்சியதைப் புத்தகத்துக்கு வைப்போம். அறை இரண்டு டிகிரி குளிர்ந்தால் ஆறு செயலிகளும் இரண்டு டிகிரி குளிரும்; உடன் அமர்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளும் குளிர்வார்கள். செயலிக்குத் தொண்ணூறு டிகிரி வரை பொறுமை உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பொறுமை இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயம் அன்று.

விசிறி பொருத்துமுன் ஒரு வாரமும், பொருத்தியபின் ஒரு வாரமும், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், வெப்பமானி கட்டி அளப்போம். என் யோசனை தவறானால் அந்த எண்களே என்னைத் திருத்தட்டும். என் சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி என் சொல்லை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்!