உதவியா, உறவா?

கிறிஸ்தவத் தொண்டு என்றதும் ஆப்பிரிக்கா நம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. டேவிட் லிவிங்ஸ்டனின் பயணங்களையும், 1913-இல் லம்பரேனே சென்று மருத்துவமனை அமைத்த ஆல்பர்ட் சுவைட்சரின் தியாகத்தையும் பள்ளிப் பருவத்திலேயே படித்தவர்கள் நாம். அன்று சென்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். இன்றோ நம்மவரும் செல்கின்றனர். சலேசிய சபையின் இந்தியக் குருக்கள் 1980 முதல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றி வருகின்றனர். நம் பகுதிச் சபையினரிலும் சிலர் குழுவாகச் சென்று, பத்து நாள் தங்கிப் பார்த்துத் திரும்புகின்றனர். அத்தகைய குழு ஒன்றின் படக்காட்சியை அண்மையில் கண்டேன். மதம் பேசுவது என் நோக்கமன்று. கொடுப்பவன் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி. அது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது.

திரையில் ஒட்டிய வயிறும் குழிவிழுந்த கண்களுமாகக் குழந்தைகள் வந்தனர். அவர்கள் நடுவே மிட்டாய்ப் பொட்டலத்துடன் நம்மவர் நின்றனர். ஒரு குழந்தையின் பெயரேனும் சொல்லப்படவில்லை. படம் முடிந்ததும் காணிக்கைத் தட்டு வந்தது. நானும் நூறு ரூபாய் போட்டேன். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். நானும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட படத்தில் நின்றவன். மிஷன் விடுதியில் தங்கிப் படித்த நாட்களில், வெளிநாட்டு விருந்தினர் வருகிறார் என்றால் முதல் நாளே எங்கள் தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரிவிடுவார்கள். வரிசையாக நிற்போம். வந்தவர் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். என் பெயரைக் கேட்கவில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் நான் சோறு உண்டேன், எழுத்தும் கற்றேன். அந்த நன்றியை மறந்தால் நான் மனிதனல்லன். ஆயினும் என் படம் எந்த ஊரில், யார் முன்னால் காட்டப்பட்டதோ என்ற எண்ணம் இன்றும் முள்ளாய் உறுத்துகிறது. அந்த முள்ளை இன்னொரு குழந்தையின் நெஞ்சில் தைக்க என் நூறு ரூபாய் உதவிவிட்டதோ?

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனார் 1834-இல் மதுரையில் பணி தொடங்கினர். நம் பெரியகுளமும் பின்னர் அவர்களுடைய நிலையங்களுள் ஒன்றாயிற்று. சூலு மக்களிடையே பணியாற்ற அதே அமெரிக்கச் சங்கம் அனுப்பிய ஆட்கள் 1835-இல் ஆப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கும் வந்து சேர்ந்தனர். ஆக, பெரியகுளத்துச் சபையும் சூலு நாட்டுச் சபையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! அந்தச் சூலு சபையில் வளர்ந்தவர்தான் ஆல்பர்ட் லுத்துலி. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்கு அவர் பேராளராக வந்தார். நிறவெறியை அறவழியில் எதிர்த்ததற்காக 1960-ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசைப் பெற்றவரும் அவரே. நம் மண்ணுக்கு வந்த அந்த ஆப்பிரிக்கர் கையேந்தி வரவில்லை. நம்மோடு சமமாய் அமர்ந்து பேச வந்தார்.

நம்மவர் சென்ற வரலாறும் உண்டு. 1903-இல் நெல்லூர்ப் பகுதித் தெலுங்குச் சபைகள் ஜான் ரங்கையா என்பவரை நேட்டாலுக்கு அனுப்பின. அவர் பத்து நாளில் திரும்பவில்லை. கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் நாட்டுத் தொழிலாளரிடையே தங்கிச் சபையை வளர்த்தார். அதே 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அதைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. 1910-இல் எடின்பரோ மாநாட்டில் பேசிய அவர், மிஷனரிமாரின் தியாகத்தைப் போற்றிவிட்டு, அவர்கள் நம்மவரைச் சமமாக நடத்தி நட்பையும் தர வேண்டும் என்று வெள்ளையர் முகத்துக்கு நேரே கேட்டார். அன்று நாம் கேட்ட அந்த நட்பை இன்று நாம் ஆப்பிரிக்கருக்குத் தருகிறோமா?

‘வருசநாட்டு மலையடிவாரத்தில் ஏழைகள் இருக்க, ஆப்பிரிக்கா எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். 1834-இல் அமெரிக்காவில் ஏழைகள் இல்லையா? அடிமைகளே இருந்தனர்! அந்நாட்டார் அப்படி எண்ணி நின்றிருந்தால் நம் ஊர்ப் பள்ளிகள் பலவும் எழுந்திரா. அருகில் இருப்பவனுக்கும் கொடுப்போம். தொலைவில் இருப்பவனுக்கும் கொடுப்போம். ‘உருக்கமான படம் இல்லையென்றால் காணிக்கை சேராதே’ என்பர் வேறு சிலர். நம் தாய்மார்கள் உலை வைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்து வைத்து ஊழியத்தைத் தாங்கினார்களே, அவர்களுக்கு யார் படம் காட்டினார்கள்?

ஆகவே, செல்ல விரும்புவோருக்கு என் வேண்டுகோள் சில. போகுமுன் அவர்கள் மொழியில் பத்துச் சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். என்ன தேவை என்பதை அவர்கள் சொல்லட்டும். நாம் முடிவு செய்ய வேண்டாம். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள். பயணத்துக்கு நாம் செலவிட்ட கணக்கையும் அவர்களுக்குக் காட்டுங்கள். பெயர் தெரியாத குழந்தையைப் படம் எடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் இருமுறை போனால் அவர்கள் ஒருமுறையேனும் இங்கு வர வழி செய்யுங்கள். அவர்கள் செவிலியர் ஒருவர் நம் வேலூரில் பயிலட்டும். அவர்கள் போதகர் ஒருவர் நம் பிரசங்க பீடத்தில் ஏறி நமக்குப் புத்தி சொல்லட்டும்.

மேற்கே ஓடிய பெரியாற்று நீர், 1895 முதல், மலையைக் குடைந்த வழியே நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. அந்த நீரைப் பெறும் நம் வயல்களை யாரேனும் பிச்சைக்கார வயல் என்று சொல்வதுண்டா? நீர் வந்தது, நெல் விளைந்தது, ஊர் உண்டது; அவ்வளவே. நாம் கொடுப்பதும் அவ்வாறே இருக்கட்டும். அடுத்த முறை காணிக்கைத் தட்டு வரும்போது நான் பணமும் போடுவேன்; அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்றும் கேட்பேன்.