சூனேமியாளின் நாற்காலியும் நமது சோபாவும்



தானேயிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்கள்: "பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஒரு கட்டிலும், துணி அலமாரியும், படிப்பதற்கு ஒரு மேஜையும் வாங்க வேண்டும். உல்லாஸ்நகர் கடைவீதிக்குப் போய்ப் பார்த்து வாங்கலாம் என்கிறார் என் கணவர். கைப்பேசியிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது எதற்கு அலைச்சல் என்கிறான் மகன். யார் சொல்லைக் கேட்பது?" பெங்களூரிலும் டெல்லியிலும் உள்ள வாசகர்கள் சிலரும் முன்பு இதையே கேட்டிருந்தபடியால், இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன்.

ஊரில் இருந்தவரை இந்தக் கேள்வி எழுந்ததில்லை. குமரி, நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளிலிருந்து வந்த நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தோட்டத்துப் பலாவையோ, அயனியையோ, வேம்பையோ அறுத்துக் காயவைத்து, ஆசாரியை வீட்டிற்கு வரவழைத்து, முற்றத்திலேயே கட்டில் செய்வித்தார்கள். மரம் எது என்பது வீட்டாருக்குத் தெரியும்; செய்தவர் யார் என்பதும் தெரியும். கால் ஆடினால் மறுநாளே அவரைக் கூப்பிடலாம். நகரத்தில் நமக்கு இந்த மூன்றும் இல்லை. மரத்தை அறியோம், செய்தவரை அறியோம், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்றும் அறியோம். கடையா, இணையமா என்ற கேள்விக்குள் மறைந்திருப்பது இந்த அறியாமையே. இம்மூன்றையும் எந்த வழியில் நன்றாக அறிந்துகொள்ள முடிகிறதோ, அந்தப் பொருளுக்கு அதுவே ஏற்ற வழி. எல்லாப் பொருளுக்கும் ஒரே விடை இல்லை.

எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் காணாதவைகளைக் குறித்த விசுவாசத்தைப் பேசுகிறது. அது தேவனைப் பற்றியது, கட்டிலைப் பற்றியதல்ல.

முதலாவது மரத்தைப் பார்ப்போம். இணையதளங்களில் "பொறியியல் மரம்" என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு விற்கப்படுபவற்றில் பெரும்பங்கு பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். ஆகும். முன்னது மரச் சீவல்களையும் தூளையும் பசையிட்டு அழுத்திய பலகை. பின்னது மரநாரை அவ்வாறே அழுத்தியது. மேலே மரக்கோடுகள் அச்சிட்ட தாள் ஒட்டியிருப்பதால் பார்வைக்கு அழகாக இருக்கும். பிளைவுட் என்பது வேறு. மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. ஆகவே திருகாணியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 303 என்ற எண் இருந்தால் அது சாதாரண உபயோகத்திற்கான பிளைவுட், ஐ.எஸ். 710 என்றிருந்தால் நீரைத் தாங்கும் மரைன் வகை. இவற்றுக்கும் மேலே ஷீஷம், தேக்கு, மா, ரப்பர் போன்ற முழு மரங்கள்.

இங்கே சொற்களில் ஒரு தந்திரம் உண்டு. "தேக்கு ஃபினிஷ்", "வால்நட் ஃபினிஷ்" என்று எழுதியிருந்தால் அது நிறத்தின் பெயர், மரத்தின் பெயரல்ல. மா மரத்திற்கும் தேக்கு நிறம் பூசலாம்; மரத்தூள் பலகைக்கும் பூசலாம். விவரப் பட்டியலில் "முதன்மைப் பொருள்" என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே வாசிக்க வேண்டும். கடைகள் இவ்விஷயத்தில் பரிசுத்தமானவை என்று நினைத்துவிட வேண்டாம். "அசல் தேக்கு சாப்" என்று வாயால் சொல்லுகிறவர், பில்லில் எழுதித் தரக் கேட்டால் தயங்குவார். தயங்கினால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

மரத்தூள் பலகை முற்றிலும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. சொந்த வீட்டில், ஈரமில்லாத சுவரோரம், ஒரே இடத்தில் நிற்கும் புத்தக அலமாரிக்கு அது போதும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டார். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவார். நாம் மூட்டை கட்டுவோம். பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை அதே துளையில் அதே இறுக்கத்தோடு பிடிப்பதில்லை. இரண்டாம் முறை கழற்றிப் பூட்டிய அலமாரி ஒரு பக்கமாகச் சாயும். மூன்றாம் முறை கதவு மூடாது. அத்தோடு மும்பை மழைக்காலம். சுவரில் ஈரம் ஊறும் வீட்டில் அதன் அடிப்பலகை ரொட்டியைப் போல உப்பிவிடும். இணையத்தில் 9,000 ரூபாய்க்கு வாங்கிய அலமாரியை இரண்டு இடமாற்றங்களுக்குப் பின் பழைய சாமான்காரரும் எடுக்கமாட்டார். அதே தொகைக்குக் கிடைக்கும் இரும்பு பீரோ, பார்வைக்குப் பழைய பாணியாயிருந்தாலும், ஐந்து வீடு மாறும். கண்ணுக்கு அழகில்லை என்று நம் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

இணையத்தில் விற்கிறவர்களே இந்தச் சிக்கலை அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. மும்பையிலிருந்து பெப்பர்ஃப்ரையும் பெங்களூரிலிருந்து அர்பன் லேடரும் 2012-இல் இணைய வியாபாரமாகத் தொடங்கின. முன்னது 2014 முதல் நகரங்களில் காட்சிக்கூடங்களைத் திறந்தது. பின்னது 2017-இல் பெங்களூரில் கடை திறந்தது. 2020-இல் அதன் பெரும்பங்கை ரிலையன்ஸ் ரீடெய்ல் வாங்கியது. ஐகியா நிறுவனம் 2018-இல் ஐதராபாத்தில் கடையோடு வந்தது. மும்பையிலோ 2019-இல் இணைய விற்பனையை முதலில் தொடங்கி, 2020 டிசம்பரில் நவி மும்பை துர்பேயில் கடையைத் திறந்தது. பெங்களூர் நாகசந்திராவில் 2022-இல் திறந்தது. உட்கார்ந்து பாராமல் சோபா வாங்க ஜனங்கள் தயங்குகிறார்கள், அத்தயக்கம் நியாயமானதே. ஆகவே மகன் காட்டுகிற பொருள் அருகிலுள்ள காட்சிக்கூடத்தில் இருக்குமானால், ஒருமுறை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு எவ்விதமாகவும் வாங்கலாம்.

கடையில் பார்க்கும்போது எதைப் பார்ப்பது? கட்டிலை மேலிருந்து பார்க்கிறவர்களே அதிகம். கீழே குனிந்து பாருங்கள். நடுவில் தாங்குகால் உண்டா? மெத்தையைத் தாங்கும் சட்டங்கள் எத்தனை, என்ன கனம்? இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து அதன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். சோபாவானால் அடித்துணியை ஓரிடத்தில் நீக்கிச் சட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்; பஞ்சு 32 டென்சிட்டியா, 40 டென்சிட்டியா என்று கேளுங்கள். ஜோகேஸ்வரி ஓஷிவாராவிலும், டெல்லி கீர்த்தி நகரிலும், பஞ்ச்குயியான் சாலையிலும் அளவு சொல்லிச் செய்து வாங்க முடிகிறது என்பது பெரிய வசதி. இரண்டு மூலைகளுக்கு நடுவே ஐந்தரை அடிதான் இருக்கிறது என்றால் ஐந்தரை அடிக்கே செய்து தருவார்கள்; இணையத்தில் பெரும்பாலும் அவர்கள் வைத்திருக்கும் அளவிற்கு நம் அறை பொருந்த வேண்டும். முன்பணம் கொடுக்கும்போது மரத்தின் பெயர், அளவு, பஞ்சின் டென்சிட்டி, தரும் தேதி ஆகிய நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். காட்சிக்கு நிற்பது ஒன்று, வீட்டிற்கு வருவது வேறொன்று என்பது கடைவீதிகளில் புதிதல்ல.

இணையத்திற்கு ஏற்றவை எவையென்றால், அளவும் பொருளும் எழுத்திலேயே முழுதும் அடங்குகிறவை: இரும்பு அல்லது பிளாஸ்டிக் தட்டுகள், மடக்கு மேஜை, சமையலறைச் சட்டங்கள். மெத்தையையும் ஓரளவு இதில் சேர்க்கலாம்; நம் நாட்டு மெத்தைகள் பல 78 அங்குல நீளமும் 60 அல்லது 72 அங்குல அகலமுமாக வருகின்றன. எதை வாங்கினாலும் அறையை மட்டும் அளந்தால் போதாது. வாசற்கதவு, மின்தூக்கியின் உட்புறம், படிக்கட்டுத் திருப்பம் ஆகியவற்றையும் அளக்க வேண்டும். ஆறரை அடிச் சோபா அறைக்குள் பொருந்தும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிடும். நான்கு மாடி தூக்கி வருகிற பிள்ளைகளுக்குத் தண்ணீரும் தேநீரும் கொடுப்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, நம்மைப் போன்றவர்கள் தடுமாறுகிற இடத்திற்கு வருகிறேன். கடையில் விலை படிந்தபின் ஒரு கேள்வி வரும்: "பில் வேண்டுமா, வேண்டாமா?" மரச்சாமான்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. 30,000 ரூபாய் சோபாவில் ஏறக்குறைய 4,576 ரூபாய் வரி. பில் வேண்டாம் என்றால் அதைக் குறைத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை இராயனுடையது இராயனுக்கு என்று பிரசங்கம் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை இப்படிச் செய்வது எப்படி? இதில் சாட்சிக் கேடு மாத்திரமல்ல, நஷ்டமும் உண்டு. பில் இல்லாதவனுக்கு உத்தரவாதமும் இல்லை, முறையிட இடமும் இல்லை. (முழுவதும் மூங்கில், பிரம்பினால் செய்தவற்றிற்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. சிறு வீட்டிற்குப் பிரம்பு நாற்காலி நல்லதே.)

பேரம் பேசுவது பாவமல்ல. ஆனால் பொருளைத் தூற்றி விலையைக் குறைத்துவிட்டு, வெளியே போய்ப் பெருமை பேசுகிறவனை நீதிமொழிகள் இருபதாம் அதிகாரம் படம்பிடித்திருக்கிறது. "பக்கத்துக் கடையில் இதே பொருள் 20,000-க்குத் தந்தார்கள்" என்று, போகாத கடையின் பெயரில் பொய் சொல்லாதிருங்கள். "எங்களால் 22,000 கொடுக்க முடியும்" என்பதும் பேரமே. இணையத்திலும் இச்சோதனை வேறு வேஷத்தில் வருகிறது. சில மெத்தைக் கம்பெனிகள் நூறு இரவுகள் படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்கின்றன. முதுகு வலித்தால் திருப்புங்கள். ஊரிலிருந்து விருந்தினர் வந்து போகும்வரை வைத்திருந்து தொண்ணூற்றொன்பதாம் இரவில் திருப்புகிறதை வேறு பெயரிட்டு அழைக்க வேண்டும்.

தவணையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. "வட்டியில்லாத் தவணை" என்று எழுதியிருப்பதைக் கண்டு மகிழ வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்பது இல்லை, அது வேறு கட்டணமாக மறைக்கப்படுகிறது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. இப்போது நடப்பது பெரும்பாலும் இதுவே: வட்டிக்குச் சமமான தள்ளுபடியைக் காட்டிவிட்டு, வட்டியை வங்கி வசூலிக்கும், அவ்வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும், பல சமயங்களில் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில் விழும். தொகை சிறியதுதான். ஆனால் சோபா, குளிர்சாதனப் பெட்டி, கைப்பேசி என்று மூன்று தவணைகள் ஒரே மாதத்தில் ஓடும்போது, வேலை போனால் என்ன செய்வது? கோபுரம் கட்டுகிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதை ஆண்டவர் சொன்னாரே. திரையில் "இன்னும் 2 மட்டுமே மீதம்" என்று ஓடும் கடிகாரம் அப்படி உட்கார விடாமல் செய்வதற்கே வைக்கப்பட்டது. இவ்விதப் பொய் அவசரத்தை 2023 நவம்பரில் வெளிவந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன, ஆனாலும் ஓடுகிறது.

இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் சூனேம் ஊரின் ஸ்திரீ எலிசாவுக்கு அறை ஒழுங்குபண்ணுகிறாள். கனம்பொருந்திய குடும்பத்தாள். ஆயினும் அவள் பட்டியலில் இருப்பவை நான்கே: கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. அதையும் தன் புருஷனிடத்தில் சொல்லியே செய்தாள். இரவு பதினொரு மணிக்குத் தனியே பொத்தானை அழுத்தவில்லை. நம் ஒற்றை அறை வீடுகளில் எல் வடிவ சோபா நுழைந்தபின் வீட்டு ஜெபக்கூட்டம் நின்றுபோனதை நான் கண்டிருக்கிறேன். பாய் விரித்தால் இருபது பேர் அமர்ந்த இடத்தில், சோபாவில் ஐந்துபேர் அமர்கிறார்கள். மற்றவர்களுக்கு நிற்கவும் இடமில்லை. தானே சகோதரிக்கு என் யோசனை: கட்டிலையும் மேஜையையும் கணவர் சொல்லுகிறபடி உல்லாஸ்நகரில் பாருங்கள், அலமாரிக்கு இரும்பு பீரோ, நாற்காலியை மகன் விருப்பப்படி இணையத்தில் எடுக்கட்டும். சோபாவை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பழுதாக வந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடியுங்கள்; உடைப்பு இருந்தால் ரசீதில் எழுதியே கையெழுத்திடுங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராதிருப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்திற்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகை பழுதான பொருளுக்குச் செல்லாது. இணைய நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாக அறிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிற்கு அழைக்கலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் ஜோத்பூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். அப்போது பில்லோடுகூட, மரத்தின் பெயர் எழுதியிருந்த இணையப் பக்கத்தின் படமும் தேவைப்படும். அதை வாங்குகிற அன்றே எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கிற நாளில் அந்தப் பக்கம் மாற்றப்பட்டிருக்கக்கூடும்.