குறி தப்பினால் குற்றவாளி ஸ்கோப்தானா?

ரைஃபிள் பழகுகிறவர்களிடையே ஒரு முடிவு கேள்வியே இல்லாமல் உலவுகிறது: ஸ்கோப்பை ஒருமுறை ஜீரோ செய்துவிட்டால், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி திருத்திவிட்டால், எந்தத் தூரத்துக்கும் அது செல்லும்; செல்லவில்லையென்றால் ஸ்கோப் பழுது. இதை நம்பித்தான் 25 மீட்டரில் சரியாக விழுந்த குண்டு 100 மீட்டரில் விலகியதும் ஸ்கோப்பின் திருத்தக் குமிழான டர்ரெட்டைத் திருகுகிறார்கள். அங்கே சரியானால் இங்கே கெடுகிறது. கடைசியில் காசு கொடுத்து வேறு ஸ்கோப் வாங்குகிறார்கள். அதிலும் அதே கதைதான். இந்த முடிவுக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குண்டு நேராகத்தானே போகிறது?

போவதில்லை. நேராகப் போவது பார்வைக்கோடு மட்டுமே. விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் புறப்படும் ஏர் ரைஃபிள் பெல்லட், 10 மீட்டருக்குள்ளேயே ஏறக்குறைய 1.7 செ.மீ. இறங்கிவிடுகிறது. விநாடிக்கு 320 மீட்டர் வேகமுள்ள .22 குண்டு 50 மீட்டரில் 12 செ.மீ. அளவுக்கு இறங்கும். இந்த இறக்கத்தை ஈடுகட்டத்தான் குழல், பார்வைக்கோட்டைவிடச் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி ஸ்கோப்பைத் திருத்துகிறோம். ஸ்கோப்போ குழலுக்கு மேலே நாலைந்து செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதனால் குண்டு பார்வைக்கோட்டை அருகில் ஒருமுறை ஏறும்போதும், தொலைவில் ஒருமுறை இறங்கும்போதும் கடக்கிறது. ஜீரோ அந்த இரண்டு இடங்களில்தான் மெய். மற்ற இடங்களில் மேலேயோ கீழேயோ விழுவது இயற்கை.

ஒரு கிளிக் எங்கும் ஒரே அளவுதானே?

டர்ரெட்டின் ஒரு படியான கிளிக் என்பது கோணம்; அதன் அலகு எம்.ஓ.ஏ. கால் எம்.ஓ.ஏ. கிளிக் 100 மீட்டரில் குண்டை 7 மி.மீ. நகர்த்தும், 200 மீட்டரில் 14 மி.மீ.க்குச் சற்று மேல். 25 மீட்டரில் 2 மி.மீ. கூட நகர்த்தாது. 25 மீட்டரில் 2 செ.மீ. திருத்த நாலைந்து கிளிக் போட்டுவிட்டு, ஸ்கோப் நகரவில்லை என்று புகார் சொல்வது கணக்குப் பிழை.

பெரிதாகக் காட்டினால் துல்லியம் கூடாதா?

சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. துளை வழியே பார்த்துச் சுடுவார்கள். பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. பெரிதாக்கினால் இலக்கோடு கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

தூரத்துக்குத் தூரம் விலகுவதே பழுதுக்குச் சான்று அல்லவா?

இங்கேதான் தவறு அதிகம். விலகல் எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

மேல்-கீழாக மட்டும் மாறினால் அது குண்டின் பாதை, பழுதல்ல. பக்கவாட்டில் 25 மீட்டரில் 1 செ.மீ., 100 மீட்டரில் 4 செ.மீ. என்று சீராக வளர்ந்தால் சில கிளிக்குகளில் தீரும். அருகில் இடப்பக்கம், தொலைவில் வலப்பக்கம் விழுந்தால், ஸ்கோப் குழலுக்கு நேர் மேலே உட்காரவில்லை, அல்லது சுடுபவர் ரைஃபிளைச் சாய்த்துப் பிடிக்கிறார். ஒரே தூரத்திலேயே குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுத் துளைகளின் தொகுப்பு) இடம் மாறினால் முதலில் மவுண்ட், ரிங் திருகுகளைப் பாருங்கள்.

அடுத்தது பேரலாக்ஸ். குண்டை எடுத்துவிட்டு, ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்துக் கண்ணை மட்டும் நகர்த்துங்கள். குறுக்குக்கோடு இலக்கின்மேல் ஊர்ந்தால், அந்தத் தூரத்துக்குப் பேரலாக்ஸ் சரிசெய்யப்படவில்லை. இத்தனைக்கும் பிறகே ஸ்கோப்பைச் சந்தேகிக்கலாம். மேலே 20, வலம் 20, கீழே 20, இடம் 20 கிளிக் என்று சுற்றிவந்து சுடுங்கள். கடைசி குரூப் முதல் குரூப்பின்மேல் விழாவிட்டால்தான் குற்றம் ஸ்கோப்பின்மேல்.

நவீனக் கருவி இருந்தால் தூரக் கவலை எதற்கு?

இதற்கு ஆவடியே பதில். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியில் 105 மி.மீ. பீரங்கியோடு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. அதைச் சுட்டுத் தூரத்தைக் கண்டறிந்த பிறகே பீரங்கி முழங்கும். ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுனில் அந்த வேலையை லேசர் செய்கிறது. கணினி கணக்குப் போடுகிறது. அந்தக் கணினிக்கும் தூரம் தெரிந்தாக வேண்டும். வெயிலில் குழல் வளைவதால் வெப்ப உறை போர்த்தி, குழல் முனையின் விலகலையும் அளக்கிறார்கள். டாங்கிக்கே தப்பாத கணக்கு தோளில் சாய்த்த ரைஃபிளுக்கு எப்படித் தப்பும்?

ஆகவே டர்ரெட்டில் கை வைக்கும் முன் ஒரே வகைக் குண்டால் மூன்று தூரங்களில் சுட்டு, தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் படிக்காமல் ஸ்கோப் மாற்றுவது வீண் செலவு.