வேப்பமரத்தடித் தந்தையர்



சென்ற ஆண்டு பனவடலிசத்திரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் என்னருகே வந்து, "சாமி, புதுநன்மை வாங்கின பிறகு நானும் அப்பாகூட வேப்பமரத்தடியில நின்னு பூசை பார்க்கலாமா?" என்று கேட்டான்.

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் கோவிலுக்குள் அமர்வர், வளர்ந்த ஆண்கள் வெளியே நிற்பர் என்பதே அவன் கண்ட ஒழுங்கு. நான் பல வாரம் கற்பித்த ஞானோபதேசத்தைவிட, அந்த மரத்தடி அவனுக்குத் தெளிவாகக் கற்பித்திருந்தது!

இதில் என் குற்றமும் உண்டு. மறைக்கல்வி பற்றிப் பேச வேண்டுமானால் தாய்மாரையே அழைப்பேன். திருவிழா வரிக்கும் கோவில் கட்டடத்திற்கும் மட்டும் தந்தையரைத் தேடுவேன். பகலெல்லாம் பீடி சுற்றி, இரவில் பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து ஜெபமாலை சொல்லும் தாயின் தோளிலேயே வீட்டின் விசுவாசம் முழுவதையும் ஏற்றிவிட்டோம்.

அச்சிறுவனின் தந்தையைக் காணச் சென்றேன். கடிந்துகொள்ளவே சென்றேன். அவரோ தலைகுனிந்து, "சாமி, எனக்குச் செபம் ஒண்ணும் முழுசாத் தெரியாது. பையன் முன்னால தப்பாச் சொன்னா மரியாதை போயிடுமே" என்றார். அலட்சியம் என்று நான் எண்ணியிருந்தது உண்மையில் கூச்சம்!

அவருக்கு நான் புனித தேவசகாயத்தின் வரலாற்றைச் சொன்னேன். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றியவர், மணமானவர். டச்சுத் தளபதி டி லனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, நம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. அரசு அலுவலர் ஒருவர் குழந்தையைப்போல் முதற்பாடத்திலிருந்து வேதம் கற்றார். அதை இழிவாக எண்ணவில்லை.

கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. மனைவி பார்கவி முதலில் தயங்கினார். கணவர் பொறுமையாக எடுத்துரைத்தார்; அவரும் மனமுவந்து ஞானப்பூ என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட பின்பும், ஞானப்பூ வடக்கன்குளத்தில் விசுவாசத்தில் நிலைத்து வாழ்ந்தார் என்பது மரபு. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தியது ஓர் இல்லறத்தாரை என்பதை நாம் மறக்கலாகாது.

பெற்றோரே தம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் போதகர் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது. "பெற்றோர்" என்றது, தாய் மட்டும் என்று சொல்லவில்லை.

திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ பிழைக்கும் தந்தை என்ன செய்வார் எனக் கேட்பீர்கள். இரவில் தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்பதோடு, "எனக்காகச் செபித்தாயா? நானும் உனக்காகச் செபித்தேன்" என்று சொல்லலாமே! ஊரிலிருப்பவர் உறங்குமுன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரையலாம். செபம் தெரியாதவர் பிள்ளையிடமே கேட்டுக் கற்கலாம். மகனிடம் கற்கும் தந்தையின் மதிப்பு குறைவதில்லை. கற்பது பெரியது என்பதை மகன் அங்கே காண்கிறான்.

அந்தத் தந்தை இன்னும் சில ஞாயிறுகளில் மரத்தடியில்தான் நிற்கிறார். ஆயினும் இரவில் மகன் சொல்லச் சொல்ல அவரும் "பிதாவே" சொல்கிறாராம். அவர் மனைவி சொல்லி மகிழ்ந்தார். புதுநன்மை நாளன்று மகனின் கையைப் பிடித்து முன்வரிசைவரை வந்தார்.

நிழல் தரும் மரம் நல்லது. ஆனால் உங்கள் பிள்ளை தேடுவது உங்கள் நிழலை. அது பீடத்தருகே விழட்டும். திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக!