கோடம்பாக்கத்தின் வாசலில் தரகர்கள்

"புதுமுகங்கள் தேவை. பிரபல நிறுவனத்தின் அடுத்த படம். வயது 5 முதல் 50 வரை. ஆண், பெண் இருபாலரும். அனுபவம் தேவையில்லை. போட்டோ, உயரம், எடை வாட்ஸ்அப்பில் அனுப்பவும்." ஏறக்குறைய இந்த வாசகத்தோடு ஓர் அழைப்பைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. போட்டோ அனுப்பியவருக்கு மறுநாளே பதில் வருகிறது: "நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள்." அதன் பிறகு கட்டணங்கள் வரிசையாக வருகின்றன. பதிவுக்கு ஒன்று, ஆல்பம் எடுக்க ஒன்று, சங்க கார்டு வாங்கித் தர ஒன்று, உடைக்கு ஒன்று. படப்பிடிப்புத் தேதி இரண்டு முறை தள்ளிப் போகிறது. மூன்றாம் முறை அழைத்தால் அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அழைப்பை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். அதில் படத்தின் பெயர் இல்லை, இயக்குநர் பெயர் இல்லை, கம்பெனியின் முகவரி இல்லை. என்ன பாத்திரம் என்றும் இல்லை. உண்மையில் படம் எடுக்கிறவர் பாத்திரத்துக்குத்தான் ஆள் தேடுவார். மதுரைப் பக்கத்துப் பேச்சு வழக்கு தெரிந்த ஐம்பது வயதுப் பெண் வேண்டும் என்பார். கபடி ஆடத் தெரிந்த, கறுத்து மெலிந்த பையன் வேண்டும் என்பார். ஐந்து வயதுக் குழந்தை முதல் ஐம்பது வயதுக்காரர் வரை யார் வந்தாலும் சரி என்கிறவர் தேடுவது பணத்தை மட்டுமே.

நடிகராவது எப்படி என்ற கேள்வி இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் எழுகிறது. கல்லூரி ஆண்டு விழாவில் கைதட்டல் வாங்கியவரும், கைப்பேசியில் ரீல்ஸ் போட்டுப் பத்தாயிரம் பேரைச் சேர்த்தவரும், வேலையை விட்டுவிட்டு வண்டி ஏறத் துணிந்தவரும் அதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டிய திரைத்துறையும் அரசும் வாய் திறக்கவில்லை. அதனால் தரகர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள். இந்த நிலை நீடிப்பது ஆபத்து என்று எச்சரிப்பது நம் கடமை.

சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் தெருக்களில் காலை பத்து மணிக்கு நடந்தால் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கலாம். தேய்த்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் நாலைந்து போட்டோக்கள். சிறிய நோட்டு ஒன்றில் கம்பெனி அலுவலகங்களின் பெயர்களை எழுதிவைத்து, போய்வந்த பெயர்களை ஒவ்வொன்றாக அடித்திருப்பார்கள். டைரக்டர் டிஸ்கஷனில் இருக்கிறார், போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்ற பதில் அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். டீக்கடையில் ஒரு டீயை அரை மணி நேரம் குடிப்பார்கள். இரவில் உணவு டெலிவரி செய்து வாடகை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டால் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் சோம்பேறி இல்லை. ஒரு கலையின் மேல் வைத்த ஆசைக்காக உழைக்கத் தயாராக இருப்பவர்கள். அந்த ஆசையைத்தான் தரகர்கள் காசாக்குகிறார்கள்.

நடிக்க வருகிறவர் பணம் கட்ட வேண்டும் என்பது தமிழ் நடிப்புலகின் வழக்கமே அன்று. நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட நாடகக் குழுக்களில் சேர்ந்த சிறுவர்கள் கட்டணம் செலுத்திச் சேரவில்லை. கம்பெனிதான் அவர்களுக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, பாட்டும் வசனமும் அடவும் சொல்லிக்கொடுத்தது. அங்கே அடியும் கெடுபிடியும் இருந்தன. அவற்றை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் நடிகனை உருவாக்கும் செலவு கம்பெனியின் தலையில்தான் இருந்தது. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அந்த நாடக மேடைகளிலிருந்து வந்தவர்கள். பிறகு 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்மொழியையும் நவீன நாடகப் பயிற்சியையும் சேர்த்து நடிகர்களைப் பண்படுத்தியது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோர் அங்கே ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள்.

காலக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். எம்.ஜி.ஆர். 1936-இல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடத்தில் வந்தார். கதாநாயகனாக 'ராஜகுமாரி' வெளியானது 1947-இல். இடையில் 11 ஆண்டுகள். விக்ரமின் முதல் படம் 1990-இல் வந்தது. அவரை நாடறியச் செய்த 'சேது' 1999-இல் வந்தது. அந்த இடைவெளியில் அவர் மற்ற நடிகர்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைத்தார். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். கூட்டத்தில் ஒருவராகவும் சிறு வேடங்களிலும் குறும்படங்களிலும் நடித்த பிறகே 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' அமைந்தது. திறமையும் உழைப்பும் இருந்தவர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கும்போது, மூன்று மாதத்தில் ஹீரோ ஆக்குகிறேன் என்கிறவர் பொய் சொல்கிறார். அதைப் பொய் என்று ஊரறியச் சொல்லத்தான் ஆளில்லை.

பணம் போவதோடு இது நிற்பதில்லை. ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் இப்போது வெளியாகின்றன. போட்ட பணத்தை எடுப்பவை மிகச் சில. இதிலும் ஒரு வலை இருக்கிறது. பையனை ஹீரோவாக்குகிறோம், முதலீட்டில் ஒரு பங்கு மட்டும் போடுங்கள் என்று ஊரில் நிலபுலன் உள்ள தகப்பனாரை அணுகுகிறார்கள். பூஜை போடுகிறார்கள், போஸ்டர் அடிக்கிறார்கள், பத்து நாள் படப்பிடிப்பும் நடத்துகிறார்கள். பிறகு படம் நின்றுவிடுகிறது. இரண்டு தலைமுறை உழுத நிலம் கைமாறிப் போயிருக்கும். நடந்ததை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும் என்ற பயத்தில் குடும்பம் காவல் நிலையத்துக்கும் போகாது. அந்த மௌனத்தை நம்பித்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

பெண்களின் நிலை இதைவிடக் கொடியது. வாய்ப்புக்காகப் பாலியல் இணக்கம் கேட்பதைக் குறிக்கும் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்ற சொல்லுக்குத் தமிழ்த் திரையுலகில் விளக்கம் தேவையில்லை. கேரளத்தில் 2017-இல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவும் அதே சொல்லைத்தான் பதிவுசெய்தது. 2019 இறுதியில் அரசிடம் தரப்பட்ட அந்த அறிக்கை, சில பகுதிகள் மறைக்கப்பட்டு 2024 ஆகஸ்ட் 19-இல்தான் வெளியானது. துணை நடிகைகளும் வாய்ப்புத் தேடுபவர்களும் எவ்வளவு எளிதாகச் சுரண்டப்படுகிறார்கள் என்பதை அது காட்டியது. அதன் பிறகு, பாலியல் குற்றம் நிரூபிக்கப்பட்டால் திரைத்துறையில் ஐந்தாண்டு பணியாற்றத் தடை விதிக்கப் பரிந்துரைப்பதாக நம் நடிகர் சங்கமும் 2024 செப்டம்பரில் தீர்மானித்தது. வரவேற்கத்தக்க தீர்மானம். ஆனால் அது யாரைச் சென்றடைகிறது?

இந்த இடத்தில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. சங்கம் தன் உறுப்பினர்களுக்காகப் பேசுகிறது. திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெப்சியில் உள்ள சங்கங்களும் அப்படியே. சம்பளப் பாக்கி, விபத்து, அவமதிப்பு எதுவானாலும் முறையிட உறுப்பினர் அட்டை கையில் இருக்க வேண்டும். வாய்ப்புத் தேடி நேற்று எழும்பூரில் இறங்கிய பெண்ணிடம் அந்த அட்டை ஏது? அவளுக்கு நடப்பது சினிமாவில் நடந்ததாகவே கணக்கில் வராது. யாரோ ஒரு மோசடிப் பேர்வழி செய்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று துறை கைகழுவும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையில் சேர்ந்தவரோ இல்லையோ, பணியிடத்தில் பாதிக்கப்படும் பெண் எவரும் புகார் தரலாம் என்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. ஆனால் ஆடிஷன் ஒரு லாட்ஜ் அறையிலும் வீடியோ அழைப்பிலும் நடக்கும்போது எது பணியிடம், யார் முதலாளி? காட்சிக்குத் தேவை என்று சொல்லி வீடியோ அழைப்பில் உடையைக் களையச் சொல்வதும், அதைப் பதிவுசெய்து மிரட்டுவதும் குற்றம் என்பதைக் கூட அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

குழந்தைகளையும் மறக்கக் கூடாது. குழந்தை நட்சத்திரம் ஆக்குவதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணம் பறிக்கும் கூட்டம் தனியாக இருக்கிறது. குழந்தை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது, இடைவேளையின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும் என்று மத்திய விதிகள் சொல்கின்றன. இதை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தயாரிப்பாளர் சங்கமும் நடிகர் சங்கமும் இயக்குநர் சங்கமும் சேர்ந்து ஒரு பொதுப் பதிவேட்டைத் தொடங்க வேண்டும். நடிகர் தேர்வு நடத்தும் ஒவ்வொரு படமும் தன் பெயரையும் நிறுவனத்தையும் தேர்வு நடக்கும் இடத்தையும் அதில் பதிய வேண்டும். தென்காசியில் இருக்கும் பையன் ஓர் அழைப்பு உண்மையா பொய்யா என்று ஒரே நிமிடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிய வேண்டும். எங்கள் பெயரில் வரும் அழைப்புகளை நம்பாதீர்கள் என்று பெரிய நிறுவனங்கள் அவ்வப்போது அறிக்கை விடுகின்றன. அது போதாது. எதை நம்பலாம் என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நடிப்பு வாய்ப்புக்காக நடிகரிடம் எந்தப் பெயரிலும் கட்டணம் வாங்குவதை அரசு வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். ஏமாற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் இழந்தது சில ஆயிரம்தானே என்று புகாரை ஓரங்கட்டும் போக்கு காவல் நிலையங்களில் மாற வேண்டும். ஒருவரிடம் ஐந்தாயிரம் என்றால் ஆயிரம் பேரிடம் ஐம்பது லட்சம் என்பதை அவர்கள் கணக்கிட வேண்டும். வாய்ப்புத் தேடும் நிலையில் பாதிக்கப்பட்டவரின் புகாரையும் நடிகர் சங்கத்தின் புகார்க் குழு ஏற்க வேண்டும். உறுப்பினர் அட்டை கேட்கக் கூடாது. தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் இயக்கமும் கற்றுத் தருகிறது. நடிப்புக்கும் அங்கே அதே தகுதியும், ஏழைப் பிள்ளை கட்டக்கூடிய கட்டணமும் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி போன்ற இடங்கள் இருப்பதையாவது பள்ளிகள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நடிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு நேராகச் சில வார்த்தைகள். ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள நாடகக் குழுவில் சேருங்கள். மேடையில் நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசப் பழகுங்கள். தினம் அரை மணி நேரம் தமிழை வாய்விட்டுப் படியுங்கள். ழகரமும் ளகரமும் நாக்கில் உட்காரட்டும். நண்பர்களின் குறும்படங்களில் நடியுங்கள். வயிற்றுப் பாட்டுக்கு ஒரு வேலையை விடாதீர்கள். பசியும் வாடகைப் பாக்கியும்தான் தரகரின் கதவைத் தட்ட வைக்கின்றன. ஆடிஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். போகுமுன் எங்கே, யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தரங்கமான படமோ வீடியோவோ கேட்டால் பேச்சை அங்கேயே முடியுங்கள்.

ஏமாந்திருந்தால் வெட்கப்படாதீர்கள், குற்றம் செய்தவர் நீங்கள் இல்லை. இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பெற்றோரே, பிள்ளை வந்து சொன்னால் திட்டாமல் கேளுங்கள். வீட்டில் சொல்ல முடியாத பிள்ளையைத்தான் இரண்டாவது தரகரும் பிடிக்கிறார்.

எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். நடிப்பு ஒரு வேலை. வேலைக்குக் கூலி வாங்க வேண்டும். நடிக்க வருகிறவரிடமே காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும், அவர் எந்த நட்சத்திரத்தோடு நின்று எடுத்த போட்டோவைக் காட்டினாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.